குறுக்கே வராத நாய்

சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுத்துக்குங்க டீச்சர். கீழ ஒரு கம்பி இருக்குது பாருங்க, அதைத் தூக்கினா நகரும். ஆங், போதும். கண்ணாடியில பின்னாடி தெரியுதுங்களா? பெல்ட்டைப் போட்டுக்குங்க. நானும் போட்டுக்கறனுங்க. மில்லுல இருக்கறவனுங்க பாத்தா சிரிப்பானுங்க, சென்னியப்பன் என்னிக்குப் பெல்ட்டுப் போட்டான்னு. வண்டி வாங்க வந்தவங்க முன்னாடி நல்ல பழக்கத்தைக் காட்டோணும் இல்லீங்களா.

சரி, எடுங்க. கேட்டைத் தாண்டினதும் வலது பக்கம். மெதுவா. அந்தப் பக்கம் களத்துல தேங்காப் பருப்புக் காயுது, மேல ஏத்தீராதீங்க.

கேட்டுக்கிட்ட நின்னாளே, அது என்ற சம்சாரம், பூங்கொடி. நான் ஆர்.சி. புக் எடுத்துட்டு வர்றதுக்குள்ள கண்ணாடிகிட்டக் குனிஞ்சு உங்ககிட்ட என்னமோ சொல்லிட்டிருந்தா. என்னங்க சொன்னா? குடிக்கத் தண்ணி வேணுமான்னா? அவ்வளவுதானா? சரி, சரி. புதுசா வந்தவங்ககிட்ட அப்படி ஒட்டிப் பேசற ஆள் இல்லைங்க அவ. அதான் கேட்டேன்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடறேன் டீச்சர். இது அடிபட்ட வண்டி. மறைச்சு விக்கறது நமக்கு ஆகாதுங்க. நாளைக்கு நீங்க எவனோ ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டி, அவன் பம்பரைத் தட்டிப் பாத்துட்டு இது மாத்தினதுன்னு சொல்லி, நீங்க உங்க பாப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு என்ற மில் வாசல்ல வந்து நின்னீங்கன்னா எனக்குத்தான் அசிங்கம். மலைக்கோயில் வரைக்கும் போயிட்டு வந்துரலாம். அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிர்றேன். புடிச்சா எடுத்துக்குங்க, புடிக்கலைன்னா ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்க.

ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல வைங்க. எடது கையை ஏனுங்க ஹேண்ட் பிரேக் மேலயே வச்சிருக்கீங்க? பழக்கமா? சரி, உங்க இஷ்டம்.

காலம் பூரா டெம்போ ஓட்டினவனுங்க நான். பழைய டெம்போ. காங்கேயத்துல இருந்து எண்ணெய் டின் ஏத்திக்கிட்டு ஈரோடு, சேலம், ஓசூர்னு போகாத ஊர் இல்லை. அந்த வண்டிக்கு ஹாரன் ஒழுங்கா அடிக்காது, வைப்பர் நின்னு நின்னு ஓடும், பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சாத்தான் பிடிக்கும். அந்த வண்டியில நான் ஒரு கோழி மேல கூட ஏத்தினதில்லை. அப்பறம் சொந்தமா எண்ணெய் மில்லு வந்துச்சு, கொஞ்சம் கை ஊனி எந்திரிச்சோம், ஒரு புது வண்டி எடுக்கலாம்னு இதை எடுத்தேன். ஷோரூம்ல ஒருத்தன் வந்து, சார், இது இப்படி, அது அப்படின்னு சொல்லித் தர ஆரம்பிச்சான். தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் ஸ்டீயரிங் பிடிச்சவன், சாவியைக் குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

வந்த மறுவாரமே ஆரம்பிச்சுதுங்க கெரகம். இந்த டேஷ்போர்டுக்கு உள்ள, இதோ நான் தட்டறேன் பாருங்க, இங்க, கட கட கடன்னு ஒரு சத்தம். புது வண்டி டீச்சர். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தின சக்கரத்துல மஞ்சக் கறை கூடப் போகலை. எடுத்துக்கிட்டு சர்வீஸுக்குப் போனேன். வாங்க சார், ஒக்காருங்க சார், காப்பி சாப்பிடுங்க சார். பொழுதோட வண்டியைக் கழுவிக் குடுத்தான். வெளிய வந்து மெயின் ரோட்டுல ஏறறேன், கட கட கட. திரும்பிப் போனேன். சார், அது அப்படித்தான் சார், ஓட ஓடச் சரியாயிரும்னான். ஏண்டா, செருப்பா இது, போடப் போடச் சரியாகறதுக்கு?

நான் விடலையே. விடற ஆளா நான்? மாசம் தவறாமப் போய் நின்னேன். மேனேஜரைப் பாத்தேன். கோயமுத்தூர்ல இருக்கற பெரிய ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒண்ணை அமுக்குங்க, ரெண்டை அமுக்குங்கன்னு ஒரு பொம்பளைக் குரலு சொல்லிட்டே இருக்கும். என்ற மருமவனை விட்டு இங்கிலீசுல எழுதிப் போடச் சொன்னேன். கடைசியில ஒருத்தன் வந்தான், டேஷ்போர்டு பூராவும் கழட்டி, ஒரு துண்டு பஞ்சை வச்சு அமுக்கினான். நின்னுது. இப்பக் கேளுங்க, சத்தம் வருதா? வராது. அது என்ற விடாப்பிடியால வந்தது. ஒரு பொருள்ல குறைன்னா அதை விடக் கூடாது டீச்சர். நாம விட்டா அவன் நம்மளை முட்டாளாக்கிப்போடுவான்.

ஸ்பீட் பிரேக்கர் வருது பாருங்க. மெதுவா... என்னங்க? பிரேக்கு உள்ள போன மாதிரி இருக்குதா? அதெல்லாம் இல்லீங்க. விட்டு இன்னொருக்கா மிதிங்க, கெட்டியாயிரும். பாத்தீங்களா? புது வண்டிக்குக் கால் பழகோணும், அவ்வளவுதான். நீங்க இதுக்கு முன்னாடி ஓட்டினது யார் வண்டி? உங்கண்ணன் வண்டியா? ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மிதி இருக்குதுங்க.

பூங்கொடியும் இதையேதான் சொல்லிட்டிருந்தா.

அவ வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது ஒரு கதைங்க. இந்த வயசுல உனக்கெதுக்குடின்னேன். பொண்ணைத் தாராபுரத்துல குடுத்திருக்கறம். அவ பேச்சுக்குப் பேச்சு, உங்களுக்கு எப்பவும் மில்லு, எப்பவும் லோடு, நான் என்ற புள்ளையைப் பாக்கோணும்னா பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டுத்தான் போகோணுமான்னு கேட்டா. நியாயந்தான். டிரைவிங் ஸ்கூல்ல சேத்து விட்டேன். மொத நாளே எட்டுப் போட்டுக் காட்டினா. லைசென்ஸ் வாங்கிட்டு வந்து சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்பிட்டா. எனக்கும் பெருமையாத்தான் இருந்துதுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அவ ஓட்ட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல வந்து, ஏனுங்க, பிரேக்கு சில நேரம் உள்ற போகுதுங்கன்னா. சில நேரம்னா எந்த நேரம்னு கேட்டேன். தெரியலைங்க, எறக்கத்துல, வண்டி கொஞ்சம் ஓடி சூடானதுக்கப்பறம், மிதிச்சா மெத்துனு போகுதுன்னா. நான் சாவியை வாங்கி அந்த நிமிசமே ஓட்டிப் பாத்தேன் டீச்சர். எனக்கென்ன சோம்பலா? இதே ரோட்டுல போயிட்டு வந்தேன். கல்லாட்டம் நிக்குது. ஒண்ணுமில்லையேன்னேன். அவ நம்பலை. மறுபடியும் ஒருக்கா வந்து சொன்னா. மறுபடியும் ஓட்டிப் பாத்தேன். மில்லுல லோடு ஓட்டற குப்புசாமியை விட்டு ஓட்டிப் பாக்கச் சொன்னேன். அவன் என்னோட டெம்போவுல கிளீனரா இருந்து டிரைவரானவன். அவனும், ஒண்ணுமில்லீங்க மொதலாளி, நல்லாப் பிடிக்குதுன்னான். சர்வீஸ்லயும் சொன்னேன். அவன் ஷெட்டுக்குள்ளயே ஒரு சுத்துச் சுத்திட்டு, நோ பிராப்ளம் சார்னு சொல்லிட்டான். மூணு ஆம்பளைங்க ஓட்டிப் பாத்து ஒண்ணுமில்லைங்கறம். அவ ஒருத்திக்கு மட்டும் உள்ற போகுதாமா.

நான் என்ன சொல்லிப்போட்டேன்னா, பயம் உனக்கு, பயத்துல கால் வழுக்குதுன்னேன். அதுக்கப்பறம் அவ அதைப் பத்திப் பேசறதை நிறுத்திட்டா. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

இங்க லெப்ட். பஸ் வருது, விட்டுட்டுத் திரும்புங்க. நல்லா ஓட்டறீங்க டீச்சர். நெசமாத்தான் சொல்றேன்.

இந்த வளைவுதானுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டைப் பாருங்க, ஒரு இடம் மட்டும் புதுசாப் பூசியிருக்குதா? அதுதான். சாயங்காலம், பள்ளிக்கூடம் விடற நேரம். பூங்கொடி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கறா. நான் மில்லுல இருக்கறேன். போன் வந்துது, யாரோ ஒரு ஆம்பளைக் குரலு, உங்க வண்டி சுவத்துல இடிச்சு நிக்குதுங்கன்னு. செருப்பைக்கூடப் போடாம ஓடி வந்தேன் டீச்சர். வந்து பாத்தா முன்னாடி பூராவும் அப்பளமா நொறுங்கிக் கெடக்குது. அவ ரோட்டோரத்துல ஒரு கல்லு மேல ஒக்காந்திருக்கறா. நெத்தியில ஒரு கீறல். மத்தபடி ஒண்ணுமில்லை, சாமி புண்ணியம். கையைப் பிடிச்சுப் பாத்தேன், சில்லுனு இருந்துது.

என்னடி ஆச்சுன்னேன். பிரேக்கை மிதிச்சேனுங்க, தரைக்கே போயிருச்சு, முன்னாடி பூராவும் கொழந்தைங்க பஸ்ஸுக்கு நிக்குதுங்க, அதனால சுவத்துப் பக்கம் திருப்பிட்டேனுங்கன்னா. அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வேற பக்கத்துல நின்னுக்கிட்டு, அம்மா மட்டும் திருப்பலைன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்குமோங்கன்னு பெருசாப் பேசிட்டிருந்தான். நான் அவனை அந்தப் பக்கம் போகச் சொன்னேன். எனக்குத் தெரியாதா? கொழந்தைங்களைப் பாத்ததும் பதறிட்டா. பதறினா பிரேக்குக்குப் பதிலா எதை மிதிச்சாளோ. அதை அவகிட்டச் சொல்ல முடியுங்களா? சொல்லலை. மனசுலயே வச்சுக்கிட்டேன்.

இனிமேத்தான் இருக்குது இன்சூரன்ஸ் கதை.

வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போய் கம்பெனி ஒர்க்‌ஷாப்புல விட்டாச்சு. அங்க இன்சூரன்ஸ் வேலை பாக்கறதுக்குன்னே ஒருத்தர் இருக்கறார், முரளிதரன்னு பேரு. நெத்தியில சந்தனம், கையில ரெண்டு போனு. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய் மெதுவாப் பேசறாரு. சார், மேடம் பிரேக் பிடிக்கலைன்னு சொல்றாங்க, அதை மட்டும் சொல்லிராதீங்க. அப்படிச் சொன்னா இன்சூரன்ஸ்காரங்க, வண்டியில குறை, கம்பெனியைக் கேளுங்கம்பாங்க. கம்பெனியில, நீங்க ஒழுங்கா வச்சுக்கலைம்பாங்க. நடுவுல வண்டி இங்க வெயில்ல கெடக்கும். நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிருங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இந்த ஷெட்டுல நிக்கற வண்டியில பாதி நாயாலதான் சார் வந்து நிக்குதுன்னு சிரிச்சாரு.

நல்ல யோசனைதானுங்களே. நாய் வந்து சாட்சி சொல்லவா போகுது?

சேதத்தைப் பாக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வர்ற அன்னைக்கு ஓட்டினவங்களும் இருந்தா நல்லதுன்னாங்க. பூங்கொடியை ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். போற வழி பூராவும் சொல்லிக் குடுத்துட்டே போனேன். நாய் வந்துச்சுன்னு சொல்லு. செவலை நாய்னு சொல்லு. எடது பக்கம் இருந்து ஓடி வந்துச்சுன்னு சொல்லு. அவ வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. சரி, தலையை ஆட்டாட்டியும் காதுல வாங்கிக்கிட்டான்னு நெனச்சேன்.

சர்வேயர் வந்தாரு. நல்ல மனுசன். சின்ன வயசு. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து போட்டோ எடுத்தாரு. அப்பறம் இவகிட்ட வந்து, பயப்படாமச் சொல்லுங்கம்மா, நாய் எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. இவ நிமுந்து பாத்தா. நாயே வரலைங்க சார், பிரேக்கு உள்ற போயிருச்சுங்க, மொதல்ல அதைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்கன்னா.

பக்கத்து வண்டியில தகரம் தட்டிக்கிட்டிருந்தவன் தட்டறதை நிறுத்திட்டான். முரளிதரன் குறுக்க பூந்து, சார், மேடம் இன்னும் ஷாக்ல இருக்காங்கன்னாரு. நானும் சிரிச்சு வச்சேன், ஆமாங்க சார், இன்னும் தெளியலைங்கன்னு. சர்வேயர் சிரிக்கலை. அவளையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் பேனாவை மூடிக்கிட்டு என்ற பக்கம் திரும்பினாரு. நீங்க சொல்லுங்க சார், நாயா, பிரேக்கா? நீங்க எதைச் சொல்றீங்களோ அதை எழுதறேன்னாரு.

அவ என்னைப் பாத்துக்கிட்டு நிக்கறா. நான் அவ பக்கம் திரும்பலை. நாய்தானுங்க சார், செவலைன்னேன்.

எழுதிட்டாரு. வேறென்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க? பிரேக்குன்னு சொல்லியிருந்தா வண்டி இன்னைக்கும் அங்கதான் கெடந்திருக்கும். நீங்க இப்படி ஓட்டிட்டு வந்திருக்க முடியுமா?

ஏத்தம் ஆரம்பிக்குது, ரெண்டாவது கியர் போட்டுக்குங்க. ஆங். பாத்தீங்களா, எப்படி இழுக்குதுன்னு. என்ஜின்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது.

அவ்வளவு பொய் சொல்லியும் வண்டி சீக்கிரம் வந்துச்சாங்கறீங்க? பம்பர் வரலை. பம்பர் வந்தா லைட் வரலை. லைட் வந்தா எடதுக்குப் பதிலா வலது வந்துருச்சு. போன் பண்ணினா, நாளைக்கு சார், நாளைக்கு சார். நான் நேராப் போய் மேனேஜர் மேசை முன்னாடி நாற்காலியைப் போட்டு ஒக்காந்துட்டேன், வண்டி வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு. அப்பறந்தான் வேலை நகந்துது. வண்டியை வெளிய எடுத்து வெயில்ல நிறுத்திப் பாக்கறேன், இந்தக் கதவு ஒரு வெள்ளை, அந்தக் கதவு ஒரு வெள்ளை. நீங்க ஏறும்போது கவனிச்சீங்களா? கவனிக்கலையா? அப்ப ரெண்டாவது தடவை அடிச்சது நல்லா வந்திருக்குது. மொதத் தடவை பழுப்பா இருந்துதுங்க. அதை அப்படியே திருப்பி விட்டேன். திரும்ப அடிச்சுக் குடுன்னுட்டேன். பெயிண்ட்டுல எவனும் என்னை ஏமாத்த முடியாது டீச்சர், கிட்டப் போய்ச் சாய்ச்சுப் பாப்பேன்.

பிரேக்கைப் பாத்தாங்களான்னா? பூங்கொடியும் இதைத்தான் கேட்டா, வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கு. இல்லைங்க, பிரிக்கலை. நாய் குறுக்க வந்ததுக்கு எதுக்குங்க பிரேக்கைப் பிரிக்கோணும்? அவங்க எழுதின வேலையைத்தான செய்வாங்க. ஆனா அவகிட்டப் பாத்துட்டாங்கன்னு சொல்லிப்போட்டேன். அவ மனசு சமாதானமாகட்டுமேன்னுதான். அவ யார் பிரிச்சாங்க, என்ன மாத்தினாங்கன்னு கேட்டா. நான் அதட்டிட்டேன். அவ்வளவுதான், அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த வண்டியில கால் வைக்கலை. நான் ஓட்டினாக்கூட ஏற மாட்டேங்கறா. தாராபுரத்துக்கு பஸ்ஸுல போறா. நான் வண்டியை எடுத்துட்டுக் கெளம்பினா, கேட்டுக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, போயிச் சேந்ததும் போன் பண்ணுங்கங்கறா. நேரமாச்சுன்னா அவளே பண்ணுவா. மில்லு எங்க இருக்குது? கூப்பிடற தூரம்.

சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில ஒக்காந்திருக்கறம். என்ற மச்சினன், அவளோட தம்பிதான், தமாசா, என்னக்கா, நாய் சௌக்கியமான்னு கேட்டான். எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன், சிரிப்பு வந்துச்சு, என்ன பண்றது. அவ எலையை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஒரு தமாசைக்கூடத் தாங்க மாட்டேங்கறா டீச்சர். முன்னாடியெல்லாம் இப்படி இல்லைங்க. எங்கிட்ட ஒரு நாளைக்கு நூறு பேச்சுப் பேசுவா. இப்பச் சோத்தைப் போட்டுட்டு அந்தப் பக்கம் போயிர்றா. ஒரு வண்டியால வீட்டுல பேச்சே நின்னு போச்சு. அதனாலதான் விக்கறேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. வண்டி போயிருச்சுன்னா அவ பழையபடி ஆயிருவா.

நீங்க பாப்பாவைப் பின்னாடி ஒக்கார வச்சு தெனமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்னீங்க இல்லை? அதுக்கு இதுதான் வண்டி. பின்னாடி நல்லா இடம். பாப்பா படுத்துக்கிட்டே வரலாம்.

வந்துட்டம். அந்த மண்டபத்துக்கிட்டத் திருப்பி நிறுத்துங்க. சாமி கும்பிடறீங்களா? ஓ, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்லீங்களா? எஸ்தர் டீச்சர்னு பேரைக் கேட்டும் மறந்துட்டேன். சரி, நான் இங்க இருந்தே ஒரு கும்பிடு போட்டுக்கறேன்.

ஏனுங்க பெல்ட்டைக் கழட்டறீங்க? எறக்கத்துல நான் ஓட்டிக் காட்டோணுமா? அதுக்கென்னங்க. வாங்க, இந்தப் பக்கம் ஒக்காருங்க. நான் ஓட்டினா உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும் வண்டி எப்படின்னு. இன்னமும் ஹேண்ட் பிரேக் மேல கையா? நான் ஓட்டும்போதுமா? உங்களுக்கும் பயம் ஜாஸ்தி டீச்சர்.

பாருங்க, எப்படி எறங்குது. குலுக்கல் இருக்குதா? கட கடன்னு ஏதாவது கேக்குதா? மொத வளைவு வருது. பாத்துக்கிட்டே இருங்க. பிரேக்... நின்னுருச்சு. கல்லாட்டம். இதுக்குத்தான் அவ அந்தப் பேச்சுப் பேசினா. இன்னொரு வளைவு. நின்னுருச்சு. இன்னும் என்னங்க வேணும்?

என்ன டீச்சர் கீழ குனிஞ்சு பாக்கறீங்க? பாட்டில் கீட்டில் உருண்டுருச்சா? என்ற காலையா? காலுல என்னங்க இருக்குது?

ரெண்டு தடவை மிதிக்கறனா? ஆமாங்க. பிரேக்குன்னா ரெண்டு மிதிதானுங்களே. மொத மிதி வண்டிக்குச் சொல்றதுக்கு, ரெண்டாவது மிதி நிறுத்தறதுக்கு. டெம்போவுல அப்படித்தான் பழகினேன், குப்புசாமிக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சா மிதிக்கறோம், கால் அதுபாட்டுக்குப் போகும்.

ஒரே மிதியில நிக்கோணுமா? டிரைவிங் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லித் தருவாங்களா? நிக்குமுங்க. நிக்காம என்ன, கம்பெனி வண்டி இது. நீங்களும் அவ மாதிரியே பேசறீங்க. சரி, காட்டிப்போடறேன். அந்தக் கடைசி வளைவுல மினி பஸ் நிக்குது பாருங்க, ஆளுங்க ஏறிட்டிருக்கறாங்க, அதுக்கு இந்தப் பக்கம் புளியமரம் இருக்குதா? அங்க நிறுத்தறேன். ஒரே மிதி. காலை எடுக்க மாட்டேன். நின்னுச்சுன்னா பேசாம வண்டியை எடுத்துக்கோணும், சரிங்களா?

இந்தா, மிதிச்சுட்டேன்.

போகுதுங்க.

இல்லை, நிக்கும், இருங்க. உள்ற போகுது. டீச்சர், உள்ற போகுதுங்க. தரையைத் தொட்டுருச்சு. புளியமரம் போயிருச்சு. கால் வர மாட்டேங்குது டீச்சர், அந்த ஹேண்ட் பிரேக்கை இழுங்க, இழுங்க...

நின்னுருச்சு.

நின்னுருச்சுங்க. கையை எடுத்துராதீங்க. அப்படியே பிடிச்சுக்குங்க.

பஸ்ஸுக்காரன் திரும்பிக்கூடப் பாக்கலை. படியில ஏறிட்டிருந்த அந்தப் புள்ள மட்டும் தலையைத் திருப்பி நம்மளையே பாத்துக்கிட்டிருக்குது. அது முதுகுக்கும் நம்ம பம்பருக்கும் ஒரு கையளவு இருக்குமா? நீங்க பாத்துச் சொல்லுங்க, எனக்குச் சரியாத் தெரியலை.

அவ தண்ணி வேணுமான்னு கேக்கலை. இல்லீங்களா டீச்சர்? கேட்டுக்கிட்ட. ஹேண்ட் பிரேக்ல இருந்து கையை எடுக்காதீங்கன்னுதான சொன்னா.

பஸ் கெளம்பிருச்சு. போகட்டும். நாம கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம்.

போன் அடிக்குது. சட்டைப் பையில இருக்குது, எடுங்க. அவதான். நேரமாச்சுன்னா பண்ணுவான்னு சொன்னேனே. நீங்களே பேசுங்க டீச்சர், என்ற குரலைக் கேட்டா கண்டுபிடிச்சுருவா. ஏன் இன்னும் வரலைன்னு கேப்பா. ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. நம்ப மாட்டா. நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிருங்க.